அஞ்சலைக்குக் காய்ச்சல் இல்லை

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம், உன் அப்பா சொல்கிறார். அவர் நலமாகத்தான் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து இந்தக் கோபம் இறங்கவே இல்லை. மளிகைக்கடை டெலிபோனில் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கடையில் நிற்கிற கூட்டம் முழுக்கக் காது கொடுக்கும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து படி, பாதியில் மடித்து வைக்காதே.

அன்றைக்கு நீ நல்ல உற்சாகத்தில் வந்தாய். மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே உங்கள் ஆஸ்பத்திரியில் வரப்போகிற புற்றுநோய்ப் பிரிவைப் பற்றிச் சொன்னாய். அறுக்கிற டாக்டர் ஒரு கட்டடம், கரண்டு வைக்கிற டாக்டர் ஒரு கட்டடம், மருந்து ஏற்றுகிற டாக்டர் இன்னொரு கட்டடம் என்று நோயாளி இனி அலைய வேண்டியதில்லை, மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள் என்றாய். காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், வெளிநாட்டிலெல்லாம் இப்போது அப்படித்தான் என்றாய். நோய் முற்றிப்போய் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு வேன் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சோதிக்கும் என்றாய். அந்த வேன் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது உன் அப்பா இன்னொரு மீன் துண்டை எடுத்து உன் தட்டில் வைத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. வேன் கோல சிலாங்கூர் டவுனில் நிற்கும், செகிஞ்சானில் நிற்கும், சுங்கை ஆயர் தாவாரில் நிற்கும், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் மட்டும் நிற்காது என்றாய். ஏன் என்று கேட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் பழைய கணக்குகளைப் பார்த்தீர்களாம், மார்பில் புற்றுநோய் என்று ஒருத்திகூட இல்லையாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, கத்தி வெட்டு, அவ்வளவுதானாம். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நம் பழைய தோட்டத்துக்கே வேனை அனுப்பினீர்களாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது ஆண், பெண் எல்லாரும் ஒரே களத்தில் நிற்பார்கள் என்பதால் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினீர்களாம். ஒரு பெண்கூட ஏறவில்லையாம். இந்த யோசனை யாருடையது என்று கேட்டேன். நம் தோட்டத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரெஸர் ஐயாவுடையது என்றாய். ஓய்வு பெற்று டவுனில் இருக்கிற மனிதரை, தோட்டத்தை அறிந்தவர் என்று நீயே குழுவுக்குச் சேர்த்துவிட்டாயாம். வேன் காலியாகத் திரும்பியதும் அவர், "நான்தான் சொன்னேனே லா, எங்க தோட்டத்துல அந்த நோயே கெடையாது" என்றாராம். நீ விரலை வழித்துக்கொண்டே, "தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லம்மா" என்றாய். அடுத்த கூட்டத்தில் தோட்டங்களை எடுத்துவிடப் போகிறோம் என்றும் சொன்னாய்.

உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவளும் தோட்டத்துப் பொம்பளைதான் என்பது அந்த நேரத்தில் உனக்கு மறந்துபோனது. ரசம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன். அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் ரசச் சட்டி உன் தலையில் இறங்கியிருக்கும், புதுச் சட்டை வேறு போட்டிருந்தாய். நீ போன பிறகு பாத்திரத்தை எல்லாம் தேய்த்தேன், ஏற்கெனவே தேய்த்ததையும் எடுத்துத் தேய்த்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "போனது போச்சு, விடு லா" என்றார். அவருக்கு எல்லாமே போனதுதான். எனக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன்.

அஞ்சலை சின்னம்மாவை உனக்கு நினைவிருக்கும். என் கூடப் பிறந்த ஒரே தங்கை. லயத்தில் நமக்கு அடுத்த வீடு. உனக்காகக் கோயில் பொங்கலை மறைத்துக் கொண்டுவருவாளே, அவள்தான். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நீ பிறந்த கையோடு எனக்கு மஞ்சள் காமாலை கண்டு படுத்துவிட்டேன். என் பால் உனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அஞ்சலைக்குப் பிறந்த குழந்தை தங்காமல் போயிருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து நடமாடுகிறவரை நீ அவளிடம்தான் பால் குடித்தாய். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே பிறக்கவில்லை. உன்னை வைத்துச் சமாளித்துக்கொண்டாள். நீ அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாய், பெரிய சண்டை வந்தால் மட்டும் "போடி அஞ்சலை" என்பாய். அதற்கும் சிரிப்பாள்.

பெரட்டு எப்படி நடக்கும் என்பது நீ சின்ன வயதில் எட்டிப் பார்த்ததுதான். நின்றதில்லை. இருட்டிலேயே களத்தில் வரிசை கட்டி நிற்போம். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நேற்று வராதவள் ஏன் வரவில்லை என்று அந்த வரிசையில் நின்றே சொல்ல வேண்டும், அதுவும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இன்றைக்கு வராதவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பதில் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டு யாருமே பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது, அப்படி ஒரு வழக்கம். வரிசையில் ஆண்கள் நிற்பார்கள், கொழுந்தன் நிற்பான், மாமனார் நிற்பார். தீட்டு வயிற்றுவலி என்று அங்கே சொல்ல முடியுமா? இரத்தம் நிற்கவில்லை, மார்பில் வலி என்று சொல்ல முடியுமா? அதனால் எங்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு நோய்தான். காய்ச்சல். பிள்ளை கலைந்தாலும் காய்ச்சல், புருஷன் அடித்து முகம் வீங்கினாலும் காய்ச்சல். மண்டோரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு டிரெஸரிடம் போய் வேறொன்று சொன்னால் பொய் பிடிபட்டுவிடுமே என்று அங்கேயும் காய்ச்சல் என்போம். அவர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பார், நாங்கள் வெளியே வராந்தாவில் வரிசையில் நிற்போம். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். சொல்கிறவளுக்கும் கேட்கிறவருக்கும் அது வசதியாக இருந்தது.

அஞ்சலைக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. என்னிடம்தான் முதலில் காட்டினாள். குளிக்கும் இடத்தில், பாவாடையை உயர்த்திக் கட்டிக்கொண்டு, கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். கொட்டைப் பாக்கு அளவு இருந்தது. வலிக்கவில்லை என்றாள். வலிக்காததால் நானும் பெரிதாக நினைக்கவில்லை. எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போ, முதலில் காய்ச்சல் என்று சொல்லு, ஆளில்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொல்லு என்றேன். ஆளில்லாத நேரம் என்று அந்த ஜன்னலுக்கு ஏது? பல தடவை போய்ச் சிவப்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் இதில் பங்கு உண்டு என்று நீ சொல்வாய். உண்டு. என் பங்கை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், அதைக் காட்டி அந்த டிரெஸருடைய பங்கைக் குறைக்க வராதே.

ஒரு நாள் நானும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். எங்களுக்குப் பின்னால் ஆண்கள் நின்றார்கள், மண்டோரும் கை விரலில் கட்டோடு நின்றார். டிரெஸர் தலையைத் தூக்காமல், "என்னா, இன்னிக்கும் காய்ச்சலா?" என்றார். அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்கய்யா, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்றாள். எங்கே என்றார். அவள் வாயால் சொல்லவில்லை, சேலை முந்தானைக்கு மேல் கையை வைத்தாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். வரிசை முழுக்கக் கேட்கிற குரலில், "புள்ளையே இல்ல, பால் மட்டும் கட்டிக்கிச்சாக்கும்?" என்றார். மண்டோர் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள் தம்பி, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தன்னைப் பற்றிச் சொன்ன அந்தச் சொல்லுக்குத் தானும் சிரித்துவிட்டு, சிவப்புத் தண்ணீர் புட்டியை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த ஜன்னலுக்குப் போகவே இல்லை.

கட்டி பெரிதானது. தோல் சிவந்தது, பிறகு உடைந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். நிரையில் அவளுக்குப் பக்கத்து மரங்கள் என்னுடையவை. கையைத் தூக்க முடியாமல் நிற்பாள், அவளுடைய மரங்களையும் நான் ஓடி ஓடி வெட்டுவேன். வாடை வந்த பிறகு அவளைப் படுக்க வைத்தோம். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாதே என்று உன்னை வாசலிலேயே தடுத்தேனே, நினைவிருக்கிறதா? நீ கதவை உதைத்துக்கொண்டு அழுதாய். உள்ளே அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். கடைசியில் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். காய்ச்சல்னு நெனச்சோம் என்று உன் அப்பா சொன்னார். புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் நான் நேராக டிரெஸர் வீட்டுக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் முகம் மாறியது. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இத வெளிய பேசிக்கிட்டுத் திரியாத. ஒங்க குடும்பத்துக்குத்தான் அசிங்கம்" என்றார். அவருக்குத் தெரியும், தம்பி. நன்றாகத் தெரியும். தோட்டத்தில் ஒருத்திகூட இல்லை என்று உங்கள் குழுவில் அவர் சொன்னது மறதியில் வந்த பேச்சு இல்லை. அவள் செத்ததையும் அவர் காய்ச்சல் கணக்கிலேயே சேர்த்துவிட்டார் என்பது நீ ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுகொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அவளை இரண்டாம் தடவை எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

அவளை அடக்கம் செய்த மறுநாள் நான் பெரட்டுக்குப் போனேன். போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. மண்டோர் வழக்கம்போல் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வாய்ப் பழக்கத்தில் "அஞ்சலை" என்றும் கூப்பிட்டுவிட்டார். வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி, அதே வாய்ப் பழக்கத்தில், "காய்ச்சல்ங்க" என்றாள். மண்டோர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த இடத்தில், பால் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பழி வாங்காமல் சாவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழி வாங்க எனக்கு என்ன தெரியும்? கோயிலில் உப்பும் மிளகாயும் போட்டுச் சபித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வருஷமே புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். அவர் வீட்டு நாய்க்குட்டியைத் திருடிக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன், அது என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன். தீபாவளி வந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் டிரெஸர் வீட்டுக்குப் பலகாரம் போகும். அவருக்கென்று தனியாக உப்பே போடாமல் ஒரு ஈடு முறுக்கு சுட்டு உன் கையில் கொடுத்தனுப்பினேன். கடித்துப் பார்த்து முகம் சுளிக்கட்டும் என்று நினைத்தேன். அவரோ மறுநாள் என்னை வழியில் நிறுத்தி, "ப்ரெஷர்காரனுக்கு ஏத்த மாதிரி சுட்டிருக்கியே, ஒனக்குத்தான் அந்தப் புத்தி" என்று மெச்சினார். வருஷா வருஷம் கேட்டு வாங்கித் தின்றார். என்னுடைய முதல் பழி அப்படி முடிந்தது. நீ இதைப் படித்துச் சிரிப்பாய், சிரி. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் உன்னைப் பற்றி யோசித்தேன். அவருக்கு இங்கிலீஷ் வரும், பெரிய துரையிடம் நேரில் பேசுகிற அளவுக்கு வரும். அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்தத் தீபாவளி முடிந்த மறு வாரமே உன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, அவர் வீட்டுக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பினேன். ஞாபகம் இருக்கிறதா? நீ அன்றைக்கு முரண்டு பிடித்தாய், உன்னை அடித்து அனுப்பினேன். உன் அப்பாவுக்கே அது புரியவில்லை, இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று நினைத்தார். டிரெஸர் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடம் சொல்லிக் கொடுத்தார், காதில் வைக்கும் குழாயை உன் கழுத்தில் மாட்டி விளையாட விட்டார், துரையிடம் பேசி உன் மேல்படிப்புக்கு உதவி வாங்கித் தந்தார். அவர் ஒவ்வொன்றும் செய்யச் செய்ய நான் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். செய்யுங்கள் ஐயா, நன்றாகச் செய்யுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கையாலேயே அவரைக் கேள்வி கேட்கிற ஒரு டாக்டரைச் செய்ய வைக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. நீ டாக்டராகித் திரும்பி வந்து அவர் காலில் விழுந்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விழட்டும், இவன் எழுந்திருக்கும் நாள் வரும் என்று பொறுத்துக்கொண்டேன். பொறுத்திருந்து கடைசியில் நீ அவரைக் கொண்டுபோய் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவர் வயதாகிப் போனவர், அந்தக் காலத்தில் அவருக்கு அவ்வளவுதான் தெரியும், ஒரு மனிதனுடைய ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமா என்பாய். அவருக்குத் தெரியாமல் இருந்தது குற்றம் இல்லை. கட்டியைப் பற்றித் தெரியாதென்றால், எனக்குத் தெரியவில்லை, டவுனுக்குப் போ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. தெரியாததை மறைக்கச் சிரிக்க வைத்தார் பார், அதுதான் குற்றம். தெரிந்த பிறகு வாயை மூடச் சொன்னார் பார், அது அதைவிடப் பெரிய குற்றம். உனக்கு அவர் நல்லவர். நீ அவருக்கு நன்றியோடு இரு, நான் தடுக்கவில்லை. ஆனால் நீ உயிரோடு இருப்பதற்கு அவருக்கு முன்னால் ஒருத்திக்கு நன்றி சொல்ல வேண்டும். எந்த மார்பைச் சொல்லி அவர் வரிசையைச் சிரிக்க வைத்தாரோ, அதில்தான் நீ பால் குடித்தாய்.

நீ போன மறுநாள் நான் பஸ் ஏறி நம் தோட்டத்துக்குப் போனேன். ரப்பரை எல்லாம் தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள், லயம் மட்டும் அப்படியே கிடக்கிறது. நம் எதிர் வீட்டு மாரியம்மா இன்னும் அங்கேதான், செம்பனைப் பழம் பொறுக்குகிறாள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். வேன் வந்ததே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். "பெரட்டுக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டாங்கக்கா. அத்தன ஆம்பளைங்க பார்க்க அதுல ஏறுனா, எதுக்கு ஏறுனான்னு ஊரே கேக்காதா? மண்டோரு வேற, யாருக்கு என்னா வியாதி, கைய தூக்குங்கன்னு கத்துறாரு" என்றாள். சொல்லிக்கொண்டே கப்பை எடுத்து வைத்தாள். வலது கை வேலை செய்தது, இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அஞ்சலையின் கையை நான் அப்படிப் பக்கத்து நிரையில் மாதக் கணக்கில் பார்த்தவள். உனக்கு என்ன செய்கிறது மாரியம்மா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "காய்ச்சல்தாங்கக்கா" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, அவள் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இருக்கிறது தம்பி. அவள் அழுதாள். நான் அழவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பெற்றவளே மன்னிக்க மாட்டாள். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், பாவம் என்று நினைப்பதற்கு முன்னால், இப்போது அகப்பட்டாய் ஐயா என்றுதான் நினைத்தேன். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நீ மனுசியா?" என்றார். மனுசியாக இருந்து அஞ்சலைக்கு என்ன செய்ய முடிந்தது? பேயாக இருந்தாவது மாரியம்மாவைக் காப்பாற்றுகிறேன். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், நான் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். அவளுடைய கட்டி இன்னும் சின்னது, தோல் உடையவில்லை. நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தோடு உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பெண் டாக்டர் ஒருத்தியைக் கேட்டு முதலில் அவளை உள்ளே அனுப்புவேன். இதை நீ அவளுக்கு முன்னால் படிக்க வேண்டாம், அவள் உள்ளே போன பிறகுதான் உன் கையில் கொடுப்பேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேன் நம் தோட்டத்துக்குத் திரும்பவும் போக வேண்டும். பெரட்டுக் களத்தில் நிற்கக் கூடாது. வேலை முடிந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கப் போகிற ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கட்டும். அந்தப் பக்கம் ஆண்கள் வர மாட்டார்கள், எந்தப் பெண் போனாலும் ஏன் போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேனுக்குள் பெண்தான் இருக்க வேண்டும். வேனில் நோயின் பெயரை எழுதி ஒட்டாதீர்கள். இதையெல்லாம் நல்ல மனசோடு சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, அங்கே கண்டுபிடிக்கிற ஒவ்வொருத்தியையும் அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் அந்த நோயே கிடையாது என்றவர் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும். அவர் கேட்க வேண்டும். அதனால் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதே. உனக்கு அவர்மேல் கோபம் வந்து அவரை வெளியே அனுப்பினால் அவர் தப்பித்தவர் ஆகிவிடுவார், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பார். அவர் இருக்கட்டும். நல்ல நாற்காலியாகப் போட்டு உட்கார வை, குடிக்கக் காப்பி கொடு, சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் வருவேன். தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் அக்கறை இல்லை என்று ஒரு தோட்டத்துப் பெண்ணிடமே கேட்கலாம் என்று நீயே சொல்லி என்னைக் கூப்பிடு. அம்மா என்று சொல்ல வேண்டாம், உனக்குச் சங்கடம் என்றால் யாரோ ஒருத்தி என்று சொல். எனக்கு நாற்காலி வேண்டாம், பெரட்டில் நின்றே பழகியவள். நான் கத்த மாட்டேன், அவரைத் திட்ட மாட்டேன், முறுக்கைப் பற்றியும் சொல்ல மாட்டேன். மார்பு என்று சொல்வேன், கட்டி என்று சொல்வேன், ஆண்கள் நிறைந்த அந்த அறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பேன். அதற்குப் பிறகு, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சலை" என்று ஒரே ஒரு தடவை பெயர் கூப்பிடுவேன். பெயர் கூப்பிட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்து அவளுக்கு என்ன நோய் என்று சொல்லட்டும். அவர் காய்ச்சல் என்று சொன்னாலோ, தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தாலோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். அது நீ.

அம்மா